ஆல்டைன் அச்சகம்: வெனிஸ் நகரின் மனூத்சியோ குடும்பப் பதிப்பகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்டைன் அச்சகம் என்றால் என்ன? எத்தனை காலம் நடந்தது?

வெனிஸில் ஆல்டோ மனூத்சியோ தொடங்கிய பதிப்பகம். லத்தீனில் அவர் பெயர் ஆல்டுஸ். அதிலிருந்து வந்ததுதான் 'ஆல்டைன்'. முதல் புத்தகம் 1495 மார்ச்சில் வந்தது. 1597இல் பேரன் இறந்ததோடு குடும்பத்தின் கதை முடிந்தது. இடையில் சில ஆண்டுகள் கதவடைப்பு, சில ஆண்டுகள் வழக்கு வம்பு என்று போனாலும், மொத்தத்தில் நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்.

நான்கு பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நிறுவிய ஆல்டோ, அவருடைய மாமனார் ஆந்திரேயா தொர்ரெசானி, மகன் பாவ்லோ, பேரன் இளைய ஆல்டோ. இவர்களில் மாமனாரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அவரை விட்டால் இந்தப் பதிப்பகத்தின் கணக்கு எதுவும் புரியாது.

ஆல்டோ அச்சுத் தொழில் கற்றவரா?

இல்லை, வாத்தியார். ரோமுக்குத் தெற்கே பாஸியானோ என்ற ஊரில் 1450ஐ ஒட்டிப் பிறந்தவர். ரோமில் லத்தீனும் பெராராவில் பத்திஸ்தா குவாரினோவிடம் கிரேக்கமும் படித்தார். பிறகு கார்ப்பி என்ற சிற்றரசின் இளவரசர்களான ஆல்பெர்த்தோ பியோ, லியோனெல்லோ பியோ இருவருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார். வெனிஸுக்கு வந்தது 1490 வாக்கில், நாற்பது வயதில்.

வந்ததும் அச்சகம் தொடங்கிவிடவில்லை. அவர் எழுதிய லத்தீன் இலக்கண நூலை 1493இல் வேறொருவர் அச்சிட்டார். அந்த வேறொருவர்தான் ஆந்திரேயா தொர்ரெசானி. சொந்த அச்சகத்தின் முதல் புத்தகமும் இலக்கணம்தான்: கொன்ஸ்தாந்தின் லாஸ்காரிஸின் கிரேக்க இலக்கணம். பாடப்புத்தகத்தில் தொடங்கியதில் வியாபாரக் கணக்கும் உண்டு. கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர்கள் பெருகினால்தானே கிரேக்கப் புத்தகம் விற்கும்?

முதலீடு யாருடையது?

மூன்று பங்காளிகள். பியர்பிரான்செஸ்கோ பார்பரிகோ, தொர்ரெசானி, ஆல்டோ. பார்பரிகோ சாதாரண ஆள் இல்லை. வெனிஸ் குடியரசின் தலைவராக இருந்த ஒரு டோஜேயின் மகன், அடுத்த டோஜேயின் அண்ணன் மகன். அவருக்குப் பாதிப் பங்கு. மீதிப் பாதி தொர்ரெசானி பெயரில். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆல்டோவுக்கு. ஆக, உலகம் முழுக்கப் பெயர் விளங்கிய மனிதருக்குத் தன் பதிப்பகத்தில் இருந்தது நூற்றுக்குப் பத்துதான்.

யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று பார்த்தால் இந்தப் பங்கீடு நியாயமாகவே தெரியும். பார்பரிகோ பணமும் அரசுச் செல்வாக்கும் தந்தார். தொர்ரெசானி, வெனிஸின் புகழ்பெற்ற அச்சாளர் நிக்கோலா ஜென்சனிடம் தொழில் பழகி, அவருடைய அச்செழுத்துகளில் ஒரு பகுதியை வாங்கி, காகிதம் வாங்குவது முதல் புத்தகம் விற்பது வரை எல்லாம் தெரிந்து வைத்திருந்தவர். ஆல்டோ கொண்டுவந்தது எதை அச்சிடலாம் என்ற அறிவு.

மாமனார் தொர்ரெசானி கஞ்சன் என்கிறார்களே?

அது டச்சு அறிஞர் எராஸ்மஸ் கட்டிவிட்ட பெயர். 1508இல் எராஸ்மஸ் வெனிஸ் வந்து, அந்த வீட்டிலேயே தங்கி, தன் பழமொழித் தொகுப்பை விரிவாக்கினார். அவர் ஒரு மூலையில் எழுத எழுத, எழுதிய தாள் அச்சுக்கோப்பவர் கைக்குப் போனது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் கொண்ட அந்த நூல் அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது.

பல ஆண்டுகள் கழித்து, 1531இல் எழுதிய ஓர் உரையாடலில், பணமிருந்தும் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் வைத்த ஒரு வெனிஸ் முதலாளியை எராஸ்மஸ் கிழித்துத் தொங்கவிட்டார். அது தொர்ரெசானிதான் என்று படித்தவர் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் அவர் இறந்து மூன்று ஆண்டு ஆகிவிட்டது. அந்த வீட்டில் பிழைதிருத்துநர், அச்சுக்கோப்பவர், வேலையாட்கள், விருந்தாளிகள் என்று ஒரு கூட்டமே உண்டு உறங்கியது. காகித விலையையும் கூலியையும் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அடுப்படியிலும் கணக்குப் பார்த்திருப்பார். அவர் கணக்குப் பார்க்காமல் இருந்திருந்தால் ஆல்டோவின் கிரேக்கப் பட்டியல் பாதியில் நின்றிருக்கும்.

கூட்டுத் தொழில் எப்போது குடும்பத் தொழில் ஆனது?

1505இல். ஐம்பதைத் தாண்டிய ஆல்டோ, தொர்ரெசானியின் மகள் மரியாவை மணந்தார். மணப்பெண்ணுக்கு வயது இருபதை ஒட்டி. மறு ஆண்டே மருமகன் சொத்தும் மாமனார் சொத்தும் ஒப்பந்தம் போட்டு ஒன்றாக்கப்பட்டன.

அதுவரை ஆல்டோவின் அச்சகம் சான்ட் அகோஸ்தின் சதுக்கத்தருகே இருந்தது. திருமணத்துக்குப் பின் சான் பத்தெர்னியானில் இருந்த மாமனார் வீட்டுக்கே வீடும் அச்சகமும் பெயர்ந்தன. 1508 முதல் புத்தகங்களில் 'ஆல்டோ, அவர் மாமனார் ஆந்திரேயா இருவரின் இல்லத்தில்' என்றே அச்சிட்டார்கள். அந்த இடம் இன்றைய மனீன் சதுக்கம். பெயரைப் பார்த்து மனூத்சியோவின் நினைவாக வைத்தது என்று எண்ணிவிட வேண்டாம். அது 1848 எழுச்சியின் தலைவர் தனியேலே மனீனின் பெயர்.

கிரேக்கத்தில் அச்சிடுவது ஏன் அவ்வளவு சிரமம்?

எழுத்துகளின் எண்ணிக்கைதான் முதல் சிக்கல். கிரேக்கத்தில் 24 எழுத்துகள்தான் என்றாலும், உயிரெழுத்துகளின் மேல் மூச்சுக்குறி, அழுத்தக்குறி, இரண்டும் சேர்ந்தது, அடியில் வரும் சிறுகுறி என்று ஏராளம். கையெழுத்துப் பிரதிகளில் எழுதுகிறவர்கள் பல எழுத்துகளை ஒன்றாகப் பிணைத்தும் எழுதினார்கள். ஆல்டோ அந்தக் கையெழுத்தையே அச்சில் கொண்டுவர முயன்றதால் அச்சுப் பெட்டியில் நூற்றுக்கணக்கான தனி வார்ப்புகள் தேவைப்பட்டன. அத்தனையையும் இடம் மாறாமல் எடுத்துக் கோக்கிற ஆள் கிடைப்பது அரிது.

இரண்டாவது, மூலப்பிரதி. நல்ல பிரதி கிடைக்காது. கிடைத்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒன்றில் பக்கம் காணாமல் போயிருக்கும். அதனால் கிரேத்தா தீவிலிருந்து வந்த மார்க்கோஸ் மூசூரோஸ் போன்ற கிரேக்க அறிஞர்களைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். கிரேக்கத்திலேயே பேச வேண்டும், தவறினால் அபராதம், சேர்ந்த பணத்தில் விருந்து என்று விதி எழுதிய ஒரு கழகமும் நடத்தினார்கள். அந்த விதிமுறைத் தாள் அச்சாகவே இருக்கிறது.

மூன்றாவது, செலவு. அரிஸ்டாட்டிலின் ஐந்து பெருந்தொகுதிகள் 1495 முதல் 1498 வரை வந்தன. 1498இல் ஆல்டோ வெளியிட்ட விலைப்பட்டியலில் முழுத் தொகுப்பு 11 டுக்காட் (வெனிஸின் பொற்காசு). அந்த ஐந்திலும் 'கவிதையியல்' கிடையாது. அது 1508இல் கிரேக்க அணியிலக்கண நூல்களின் தொகுப்பில்தான் முதன்முதலாக அச்சேறியது.

கிரேக்கத்தில் முதன்முதலாக அவர்கள் அச்சிட்டவை எவை?

முக்கியமானவை மட்டும்: அரிஸ்டோஃபனீஸ் 1498, சோஃபோக்ளிஸ், துசிடிடீஸ், ஹெரடோட்டஸ் மூவரும் 1502, டெமோஸ்தனீஸ் 1504, புளூட்டார்க்கின் அறநெறிக் கட்டுரைகள் 1509, பிண்டாரும் பிளேட்டோவும் 1513. ஆல்டோ இறந்த பின் மாமனார் வீட்டார் நிறுத்திவிடவில்லை: எஸ்கிலஸ் 1518, காலெனின் மருத்துவ நூல்கள் 1525, ஹிப்போக்ரட்டீஸ் 1526. கடைசி இரண்டும் மருத்துவக் கல்வியையே மாற்றியவை. 'கஞ்சன்' மாமனாரின் காலத்தில் வந்தவை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அச்செழுத்துகளைச் செய்தவர் யார்?

பொலோஞ்ஞாவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ கிரிஃபோ. வேலை நடக்கும் முறை இது: எஃகுக் கோலின் முனையில் எழுத்தை இடவலம் மாறிய கண்ணாடிப் பிம்பமாக, புடைப்பாகச் செதுக்க வேண்டும். அதைக் கடினப்படுத்தி, செம்புத் துண்டில் அடித்து இறக்கினால் குழிவான அச்சு கிடைக்கும். செம்பைச் சீர்செய்து கைவார்ப்புக் கருவியில் பொருத்தி, ஈயக் கலவையை ஊற்றினால் ஓர் எழுத்து. எஃகுக் கோலில் மயிரிழை பிசகினால் அந்தப் பிசகு வார்க்கும் ஒவ்வொரு எழுத்திலும் வரும். செம்பில் ஆழம் கூடிக் குறைந்தால் சில எழுத்து அழுத்தமாகவும் சில மங்கலாகவும் விழும்.

கிரிஃபோ ஆல்டோவுக்காகக் கிரேக்க எழுத்துகள், நேர்நிலை லத்தீன் எழுத்துகள், சாய்வெழுத்து (இட்டாலிக்) மூன்றையும் செதுக்கினார். 1496இல் வெனிஸ் எழுத்தாளர் பியெத்ரோ பெம்போ எத்னா எரிமலை ஏறியதைப் பற்றி எழுதிய சிறு நூலுக்குச் செய்த லத்தீன் எழுத்து, பிற்கால ஐரோப்பியப் புத்தக எழுத்துகளுக்கெல்லாம் மூதாதை. இன்று நாம் பயன்படுத்தும் அரைப்புள்ளி, அந்த வடிவத்தில் முதன்முதலாக அச்சில் வந்ததும் அதே நூலில்.

ரோமக் கவிஞர் வெர்ஜிலின் 1501 பதிப்பில் ஆல்டோ, கிரிஃபோவின் கைத்திறனைப் புகழ்ந்து மூன்று வரி எழுதினார். ஆனால் சாய்வெழுத்தின் உரிமையை அரசிடம் வாங்கியது ஆல்டோ பெயரில். கிரிஃபோ விலகி, பானோ நகரில் கெர்சோம் சொன்சினோ என்ற அச்சாளருக்கு வேறொரு சாய்வெழுத்தைச் செதுக்கிக் கொடுத்தார். 1503இல் சொன்சினோ வெளியிட்ட பெத்ரார்க்கா கவிதைப் பதிப்பின் முன்னுரை, இதைக் கண்டுபிடித்தவர் கிரிஃபோதான், ஆல்டோ அல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எங்கள் கணிப்பில் சொன்சினோவின் பக்கமே நியாயம்.

சாய்வெழுத்தைக் கண்டுபிடித்தது இடத்தை மிச்சப்படுத்தவா?

பாதி உண்மை. வெர்ஜிலின் ஆறுசீர் வரி நீளமானது. சின்னப் பக்கத்தில் நேர்நிலை எழுத்தில் கோத்தால் வரி உடைந்து கீழே மடங்கும். ஒடுக்கமான சாய்வெழுத்தில் ஒரு வரி ஒரே வரியாக நிற்கிறது. பக்கத்துக்கு 30 வரி. உரைநடையில் அவ்வளவு மிச்சம் இல்லை.

மறுபாதி, நாகரிகம். அன்றைய படித்த இத்தாலியர்கள் கையால் எழுதிய விரைவெழுத்தின் சாயல் அது. அவர்களுக்குத் தங்கள் கையெழுத்துப் பிரதியே அச்சில் வந்தது போல இருந்தது. முதலில் 1500இல் சியென்னாவின் புனித கத்தரீனாவின் கடிதத் தொகுப்பில், ஒரு படத்துக்குள் சில சொற்கள் மட்டும் இந்த எழுத்தில் வந்தன. முழுப் புத்தகமாக வந்தது 1501 ஏப்ரலில், வெர்ஜில்.

இன்று நாம் பார்க்கும் இட்டாலிக்கிலிருந்து ஒரு வேறுபாடு உண்டு. ஆல்டோவிடம் சாய்ந்தவை சிறிய எழுத்துகள் மட்டுமே. பெரிய எழுத்துகள் குட்டையாக, நேராக நிற்கும். கவிதையில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் நேராக, சற்று இடைவெளி விட்டு நிற்க, அதன்பின் வரி சாய்ந்து ஓடும்.

ஆக்டேவோ என்றால் என்ன? 'பாக்கெட் புத்தகம்' ஆல்டோவின் கண்டுபிடிப்பா?

முழுத்தாளை மூன்று முறை மடித்தால் 8 இதழ், 16 பக்கம். நம் ஊர் அச்சகங்களில் 'ஒரு ஃபாரம் பதினாறு பக்கம்' என்கிற அதே கணக்கு. ஆல்டோவின் ஆக்டேவோ பொதுவாக 15, 16 செ.மீ. உயரமும் 10 செ.மீ.க்கு உட்பட்ட அகலமும் இருக்கும். பிற்காலத்தில் புத்தகம் கட்டியவர்கள் ஓரத்தை வெட்டியிருந்தால் இன்னும் குறையும்.

சிறிய புத்தகம் அவருக்கு முன்பே இருந்தது; செப நூல்கள் அந்த அளவில்தான் வந்தன. ஆல்டோ செய்த புதுமை, பெரிய தொகுதியாக, மூலத்தைச் சுற்றி உரை மொய்த்துக் கிடந்த செவ்வியல் நூல்களை, உரையே இல்லாமல் வெறும் மூலமாகக் கைக்கடக்கமாகத் தந்தது. 1501இலேயே வெர்ஜில், ஹொரேஸ், பெத்ரார்க்கா, யுவெனல், மார்ஷியல் வந்துவிட்டன, 1502இல் தாந்தே. 1503இல் ஆல்டோ, மாதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் வெளியிடுவதாக எழுதுகிறார்.

இவை மலிவுப் பதிப்புகள் என்பது பிற்காலத்தில் ஒட்டிய கதை. வாங்கியவர்கள் பிரபுக்கள், தூதர்கள், அறிஞர்கள். தோல்தாளில் அச்சிட்ட சிறப்புப் பிரதிகளின் விலையைப் பார்த்து மாந்துவா அரசி இசபெல்லா தெஸ்தே 1505இல் அவற்றைத் திருப்பியே அனுப்பிவிட்டார்.

ஒரு தாள் அச்சாக என்னென்ன வேலை? எங்கே பிழை நேரும்?

முதல் நாளே காகிதத்தை நனைத்து அடுக்கி, பாரம் வைத்துவிடுவார்கள். ஈரம் ஏறிய காகிதம்தான் மையைச் சீராக வாங்கும். ஈரம் கூடினால் எழுத்தின் ஓரம் கசியும். குறைந்தால் திட்டுத்திட்டாக விழும்.

ஆக்டேவோவில் தாளின் ஒரு பக்கத்துக்கு 8 பக்கம், மறுபக்கத்துக்கு 8 பக்கம் என்று இரண்டு சட்டங்கள் பூட்ட வேண்டும். மடித்தால் வரிசையாக வரும்படி பக்கங்களை அடுக்குவதுதான் மூளை வேலை. பாதிப் பக்கங்கள் தலைகீழாக நிற்கும். ஒன்று இடம் மாறினால், 3ஆம் பக்கத்துக்குப் பின் 6 வரும். அதைக் கவனிப்பதற்குள் நூற்றுக்கணக்கான தாள் ஓடியிருக்கும்.

அச்சு இயந்திரத்தில் இரண்டு பேர். ஒருவர் கம்பளி அடைத்த தோல் உருண்டைகளால் மை தடவ, மற்றவர் தாளை வைத்துக் கைப்பிடியை இழுப்பார். அழுத்தும் பலகை சட்டத்தின் பாதியைத்தான் மூடும். அதனால் ஒரு முறை இழுத்து, படுகையை நகர்த்தி, மறுமுறை இழுக்க வேண்டும். பழைய பிரதிகளில் ஒரே தாளில் பாதி கருமையாகவும் பாதி வெளிறியும் இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். மறுபக்கத்தை ஈரம் காயும் முன் அச்சிட வேண்டும். காய்ந்தால் தாள் சுருங்கி, முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இது உடனே தெரியும்.

பிறகு கயிற்றில் உலர்த்தி, மடித்து, தாளின் அடியில் அச்சிட்ட வரிசைக் குறிகளைப் பார்த்து அடுக்குவார்கள். புத்தகத்தின் கடைசியில் அந்தக் குறிகளின் பட்டியலும், 'இன்ன குறி தவிர எல்லாம் எட்டிதழ்' என்ற குறிப்பும் இருக்கும். அது புத்தகம் கட்டுகிறவருக்காக அச்சிட்டது. இன்று ஒரு பிரதி முழுமையானதா என்று பார்க்க உதவுவதும் அதே வரிதான்.

பத்தித் தொடக்கத்தில் பெரிய வெற்றிடமும் நடுவில் ஒரு குட்டி எழுத்தும் இருக்கிறது. அச்சுப் பிழையா?

இல்லை. வாங்கியவர் ஓவியரிடம் கொடுத்து வண்ணத்தில் முதலெழுத்து வரைந்துகொள்ள விட்ட இடம் அது. எந்த எழுத்தை வரைவது என்று ஓவியருக்குச் சொல்லத்தான் அந்தக் குட்டி எழுத்து. பெரும்பாலானவர்கள் வரைந்துகொள்ளவே இல்லை. அதனால் விலை குறையாது; பின்னாளில் யாரோ பேனாவால் கிறுக்கி நிரப்பியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

நங்கூரமும் டால்பினும் எங்கிருந்து வந்தன?

ரோமப் பேரரசர் டைட்டஸ் வெஸ்பாசியன் கால வெள்ளி நாணயம் ஒன்றிலிருந்து. அதை ஆல்டோவுக்குக் கொடுத்தவர் பெம்போ. 'மெல்ல விரை' என்ற பழமொழியோடு அந்தச் சின்னத்தை இணைத்து எராஸ்மஸ் 1508 நூலில் நீளமாக எழுதினார். புத்தகத்தில் முத்திரையாக வரத் தொடங்கியது 1502இல். அதற்கு முந்தைய ஆண்டுப் புத்தகத்தில் முத்திரை இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வடிவம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. ஆல்டோ காலத்தில் எளிய கோட்டோவியம், இருபுறமும் பெயர் பிரிந்து நிற்கும். மகன் காலத்தில் சுற்றிலும் அலங்காரம் கூடியது. பேரன் காலத்தில் நங்கூரம் குடும்பக் கேடயத்துக்குள் போய்விட்டது.

லியோன் கள்ளப் பதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆல்டோவே சொல்லிக் கொடுத்திருக்கிறார். பிரான்ஸின் லியோன் நகர அச்சகங்கள் அவருடைய ஆக்டேவோக்களை அப்படியே பார்த்து அச்சிட்டு விற்றன. வெனிஸ் அரசு 1501இல் தந்த பத்தாண்டு உரிமையும், 1502இல் போப் ஆறாம் அலெக்சாண்டர் தந்த பாதுகாப்பும் ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் செல்லவில்லை. அதனால் 1503 மார்ச் 16 அன்று ஓர் எச்சரிக்கைத் தாள் வெளியிட்டார். அதில் அவர் சொன்ன அடையாளங்கள்:

- அச்சிட்டவர் பெயர், ஊர், ஆண்டு எதுவும் இருக்காது. ஆல்டோவின் புத்தகத்தில் மூன்றும் இருக்கும்.
- முத்திரை இருக்காது.
- காகிதம் மட்டம். ஒருவித நாற்றமும் அடிக்கும்.
- எழுத்தில் ஒரு பிரெஞ்சுத்தனம் தெரியும். பெரிய எழுத்துகள் அலங்கோலம்.
- மெய்யெழுத்து உயிரெழுத்தோடு ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். ஆல்டோவின் எழுத்தில் பெரும்பாலும் கையெழுத்துப் போலப் பிணைந்திருக்கும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். எந்தெந்தப் புத்தகத்தில் எந்தெந்த வரியில் பிழை என்றும் பட்டியல் போட்டார். லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை மெய்ப்புத் திருத்தமாக எடுத்துக்கொண்டு, அடுத்த பதிப்பில் பிழைகளைத் திருத்திவிட்டார்கள்! ஆகவே இன்று பிழையை மட்டும் நம்பிச் சோதிப்பது பயன் தராது. நாற்றம் ஐந்நூறு ஆண்டில் போய்விட்டது. முதலில் அச்சிட்டவர் பெயரும் ஆண்டும் வரும் கடைசி இதழைப் பாருங்கள், பிறகு எழுத்துப் பிணைப்பை. கடைசி இதழே இல்லாத பிரதியில் பிணைப்புதான் கைகொடுக்கும். உறுதியான ஒரு பிரதியின் அதே பக்கத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

புத்தகத்தில் 1495 என்று இருக்கிறது, நூலகப் பட்டியலில் 1496 என்கிறார்களே?

வெனிஸில் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரி என்று மாதம் போட்டிருந்தால் நம் கணக்கில் ஓர் ஆண்டு கூட்ட வேண்டும். பெம்போவின் எத்னா நூலில் '1495 பிப்ரவரி' என்றிருப்பது 1496.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பொருத்தினால் தப்பாகும். லுக்ரேஷியஸ் பதிப்பில் '1515 ஜனவரி' என்று இருக்கிறது. ஓர் ஆண்டு கூட்டினால் 1516. ஆனால் அதை வெளியிட்ட ஆல்டோ 1515 பிப்ரவரி 6 அன்றே இறந்துவிட்டார். ஆக, அங்கே அச்சிட்ட ஆண்டே சரியான ஆண்டு. முன்னுரையில் வரும் நிகழ்ச்சிகளோடு ஒத்துப்பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

இடையில் அச்சகம் ஏன் மூடப்பட்டது?

போர். 1509இல் ஐரோப்பிய அரசுகள் கூட்டணி சேர்ந்து அஞ்ஞாதெல்லோ போரில் வெனிஸைத் தோற்கடித்தன. ஆல்டோ ஊரைவிட்டுப் போனார். பறிபோன நிலங்களுக்காக அலைந்தார். 1512இல் திரும்பி வந்து மறுபடி தொடங்கினார். மீதி மூன்று ஆண்டுகளில் பிண்டார், பிளேட்டோ உட்படச் சிறந்த பல பதிப்புகள் வந்தன. வருகிறவர்கள் தொல்லை தாங்காமல், 'யாராக இருந்தாலும் வந்த காரியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகவும், உதவிக்குத் தோள் கொடுக்க வந்தால் தவிர' என்ற பொருளில் அறைக்கதவில் எழுதி வைத்திருந்ததும் இக்காலத்தில்தான். அவர் உடலைச் சான் பத்தெர்னியான் தேவாலயத்தில் வைத்தபோது, அவர் பதிப்பித்த புத்தகங்களைச் சுற்றிலும் அடுக்கியிருந்தார்கள்.

ஆல்டோவுக்குப் பின் குடும்பத்தில் என்ன தகராறு?

மகன் பாவ்லோவுக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. தாத்தா ஆந்திரேயாவும் மாமன்களும் நடத்தினார்கள். 1528இல் தாத்தா இறந்தார். மனூத்சியோ பிள்ளைகளுக்கும் தொர்ரெசானி மாமன்களுக்கும் சொத்து வழக்கு மூண்டது. 1529 முதல் 1533 வரை அச்சகம் ஓடவில்லை. பிறகு சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். இந்தச் சண்டையைப் புத்தகத்தின் அச்சு விவரத்திலேயே படிக்கலாம்:

'ஆல்டோ இல்லத்தில்' என்றால் தொடக்க காலம். 'ஆல்டோ, மாமனார் ஆந்திரேயா இல்லத்தில்' என்றால் 1508 முதல் 1529 வரை. 'ஆல்டோ, ஆந்திரேயா வாரிசுகள்' என்றால் 1533 முதல் சில ஆண்டுகள். 'ஆல்டோவின் மக்கள்' என்று வந்தால் 1540 அல்லது அதற்குப் பின். மாமன்கள் தனியாகப் போய்விட்டார்கள்.

பாவ்லோ தந்தைக்கு ஈடானவரா?

வேறு வகை. கிரேக்கம் ஏறக்குறைய நின்றுபோனது. ரோமப் பேச்சாளர் சிசரோதான் அவருடைய உலகம். சிசரோவின் கடிதங்களுக்கு அவர் எழுதிய விளக்கங்கள் நூற்றாண்டுக் கணக்கில் பயன்பட்டன. பதிப்பாளராகத் தந்தையின் துணிச்சல் அவரிடம் இல்லை; உரையாசிரியராகத் தந்தையை மிஞ்சினார் என்று சொல்லலாம்.

1561இல் போப் நான்காம் பயஸ் அழைக்க, ரோமுக்குப் போய் அங்கே ஓர் அச்சகம் நடத்தினார். கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய திரெந்து சங்கத்தின் தீர்மானங்களை 1564இல் அச்சிட்டவர் இவரே. அந்தப் பெருந்தொகுதியின் சில பிரதிகளில், மூலத்தோடு ஒத்துப்பார்த்ததற்குச் சான்றாகச் சங்கத்தின் செயலாளரும் எழுத்தர்களும் கையால் இட்ட ஒப்பம் இருக்கிறது.

அதே ஆண்டு வந்த திருச்சபையின் தடைநூல் பட்டியலில் எராஸ்மஸின் பழமொழித் தொகுப்பும் சிக்கியது. தந்தை பெருமையோடு வெளியிட்ட நூல்; பாவ்லோ வெட்டித் திருத்தித் தரும் பதிப்பு மட்டும் அனுமதி என்றது பட்டியல். அந்தத் திருத்தப் பதிப்பு எராஸ்மஸ் பெயரே இல்லாமல், பாவ்லோ இறந்த மறு ஆண்டு, 1575இல், பிளாரன்ஸில் ஜூந்தா அச்சகத்தில் வந்தது.

ஜூந்தா குடும்பத்துக்கும் இவர்களுக்கும் என்ன உறவு?

முதலில் பகை, பிறகு சம்பந்தம். பிளாரன்ஸின் பிலிப்போ ஜூந்தா சாய்வெழுத்து ஆக்டேவோக்களை வெளியிட்டு ஆல்டோவோடு மோதினார். 1572இல் இளைய ஆல்டோ மணந்தது ஜூந்தா குடும்பத்துப் பெண்ணை.

பேரனோடு ஏன் முடிந்தது?

இளைய ஆல்டோ 1547இல் பிறந்தவர். பதினான்கு வயதில் லத்தீன் எழுத்திலக்கணம் பற்றி அவர் பெயரில் புத்தகம் வந்தது. படிப்பில் குறையில்லை, அச்சகத்தில்தான் மனம் இல்லை. வெனிஸ் கடையை மேலாளரிடம் விட்டுவிட்டு 1585இல் பொலோஞ்ஞாவுக்கும், பிறகு பீசாவுக்கும் பேராசிரியராகப் போனார். கடைசியில் ரோமில் வத்திக்கான் அச்சகப் பொறுப்பு. 1597 அக்டோபரில் அங்கேயே இறந்தார். முதல் ஆல்டோவுக்கு அருகில் தொர்ரெசானி என்று கணக்குப் பார்க்க ஒருவர் இருந்தார். பேரனுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

இன்று எதில் இவர்களின் தடயம் இருக்கிறது?

'பெம்போ' என்ற எழுத்துரு 1929இல் மோனோடைப் நிறுவனம் எத்னா நூலின் எழுத்தைப் பார்த்துச் செய்தது. கணினியில் பக்க வடிவமைப்பைப் பரவலாக்கிய பேஜ்மேக்கர் மென்பொருளை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் ஆல்டஸ். 1994இல் அது அடோபியோடு இணைந்தது. அமெரிக்காவின் டபுள்டே பதிப்பகம் நங்கூரமும் டால்பினும் கொண்ட சின்னத்தைப் பயன்படுத்துகிறது.

அசல் பிரதிகளை எங்கே பார்க்கலாம்?

வெனிஸில் மார்ச்சியானா நூலகம், மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகம், லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அமான்சன்-மர்ஃபி தொகுப்பு மூன்றும் பெரியவை. பல நூலகங்கள் முழுப் புத்தகத்தையும் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கின்றன. பழகத் தொடங்குகிறவர்கள் 1501 வெர்ஜிலையும் லியோன் கள்ளப் பதிப்பையும் ஒரே திரையில் திறந்து, அதே பக்கத்தின் முதல் பத்து வரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடலாம். படத்தை நன்றாகப் பெரிதாக்குங்கள். காகிதத்தின் நிறத்தை நம்பாதீர்கள். அது படமெடுத்த விளக்கைப் பொறுத்து மாறும்.